சிறப்புக் குறிப்பு எதுவும் இல்லை

பெட்டி அடுக்குவதில் எங்கள் வீட்டில் எனக்கு நிகர் யாரும் கிடையாது. நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய துணி, துண்டு, செருப்பு, சோப்பு டப்பா எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி, ஒற்றை விரலால் ஜிப்பை இழுத்து மூடிவிடுவேன். மனைவி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள். "எப்படிங்க இது? நான் அடுக்கினா மேல ஏறி உக்காந்தாலும் மூட மாட்டேங்குதே" என்பாள். எனக்குப் பெருமை பிடிபடாது.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பும்போது, எது தேவைப்படாது என்று எனக்குத் தோன்றுகிறதோ அதை எடுத்து அலமாரிக்குள் தள்ளிவிடுவேன். ஒரு தடவை அவளுடைய கம்பளிச் சால்வையைத் தள்ளிவிட்டேன். போன இடத்தில் எதிர்பாராத குளிர். பல் கிடுகிடுக்கப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினாள். கடைசியில், "நான்தான் எடுத்து வைக்க மறந்துட்டேன் போல. என் புத்தி இருக்கே" என்று தன்னையே நொந்துகொண்டாள். நான் என் மேல்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டேன். விடிய விடியக் குளிரில் கிடந்தது நான்தான். அதை அவள் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாள்.

அந்தப் பேனாவைக் கொஞ்சம் நேராக வைத்துக்கொள்ளலாமா? கோணலாக எது கிடந்தாலும் எனக்கு இருப்புக்கொள்ளாது. நன்றி.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவன். நோயாளிகளின் பெயர், ரத்தப் பிரிவு, கொடுத்த மருந்து, பார்த்த டாக்டர், நர்ஸ்கள் எழுதும் குறிப்பு எல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கும். தினமும் அதற்கு ஒரு நகல் எடுத்து வைப்பது என் பொறுப்பு. பேக்கப் என்பார்கள். மூலம் என்றைக்காவது கெட்டுப்போனால் நகலிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். நகல்கள் இடத்தை அடைக்கும் என்பதால் சுருக்கி வைப்போம். அதற்குப் பல அல்காரிதங்கள், அதாவது கணக்கு முறைகள், உண்டு. சுருக்குவது என்றால் வெட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வாக்கியம் ஆயிரம் இடத்தில் வந்தால், அதை ஒரு தடவை எழுதிவிட்டு மற்ற இடங்களில் "மேலே உள்ளபடி" என்று குறித்துக்கொள்வது போல. விரிக்கும்போது ஒரு புள்ளிகூடக் குறையாமல் திரும்பி வரும். இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

அலுவலகத்தில் என்னை அமுக்குணி என்பார்கள். முகத்துக்கு நேராக இல்லை. என் கீழே வேலை பார்த்தவனுக்குப் பரபரப்பு என்று பெயர். அதை முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். படியில் இரண்டிரண்டாக ஏறுவான். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வான். என்னை வாய் நிறைய "அண்ணே" என்பான். கெட்டவன் இல்லை. எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும் என்பதுதான் அவனிடம் இருந்த ஒரே தொந்தரவு.

அவன் அம்மா முன்னாளில் பஸ் கண்டக்டர். சிறுநீரகம் பழுதாகி, ஒன்றுவிட்டு ஒரு நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கே ரத்தம் சுத்திகரிக்க வருவாள். முடிந்ததும் மகனைப் பார்க்க எங்கள் அறைக்கு வருவாள். கதவைத் திறக்கும்போதே, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு" என்று ஒரு குரல். வேலையில் மூழ்கிக் கிடக்கிற ஆள்கூடச் சிரித்துவிடுவான். வார்டில் நாற்காலி போதவில்லை என்றால் அவளே எழுந்து நோயாளிகளை நெருக்கி உட்காரவைப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இடத்தின் அருமை தெரிந்தவள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "முப்பது வருசம் பஸ்ல நின்னேன் தம்பி. எடம் இல்லன்னு சொல்லி ஒருத்தரக்கூட ரோட்ல விட்டதில்ல." பெரிய விஷயம் என்று நான் தலையாட்டினேன்.

நகல்களுக்கு இடம் தீர்ந்துபோனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் பிரிவின் தலைவியை மேடம் என்போம். "புது டிஸ்க் இந்த வருஷம் கிடையாது, என் உயிர வாங்காதீங்க. இருக்கற எடத்துல அடக்கப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். இரண்டு அல்காரிதங்கள் மேஜைக்கு வந்தன. பரபரப்பு சொன்னது வேகமானது. சட்டென்று சுருக்கும், சட்டென்று விரியும், நகல் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நான் சொன்னது இறுக்கமானது. சுருக்கவும் விரிக்கவும் நேரம் தின்னும், ஆனால் நகல் சின்னதாக, கச்சிதமாக வரும். நான் என் கட்சியைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி முடித்தேன். பரபரப்பு சிரித்துக்கொண்டே, "அண்ணே, துணிய எவ்வளவு இறுக்கி மடிச்சாலும் போடறப்போ அயர்ன் பண்ணித்தானே ஆகணும்? தீப்பிடிச்ச வீட்ல யாருண்ணே அயர்ன் பண்ணிட்டு நிப்பாங்க?" என்றான்.

அறை முழுக்கச் சிரித்தது. மேடமும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஏனென்றால் அது நல்ல கிண்டல்தான். சாப்பாட்டு நேரத்தில் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் மேடம் ஒரு வழி சொன்னாள். ஒரே நாளின் டேட்டாவை வைத்து ஆளுக்கொரு நகல் எடுக்க வேண்டியது. இடத்தைக் கணிசமாக மிச்சப்படுத்தினால் என் முறை. பெரிய வித்தியாசம் இல்லை என்றால் அவன் முறை. பரபரப்பு தன் நகலை அன்றைக்கே எடுத்து, கையடக்க டிஸ்க் ஒன்றில் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிட்டான். நான் என்னுடையதை ஓடவிட்டுக் காத்திருந்தேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் வரை போவேன், திரும்பி வருவேன், திரையைப் பார்ப்பேன், மறுபடி ஜன்னல். முடிவு வந்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் நகல் சின்னதுதான். ஆனால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

எங்கே இடிக்கிறது என்று டேட்டாவைக் குடைந்தேன். விடை நர்ஸ்களின் குறிப்புகளில் இருந்தது. திரும்பத் திரும்ப வருவது நன்றாகச் சுருங்கும். "சிறப்புக் குறிப்பு எதுவும் இல்லை" என்ற வரி லட்சக்கணக்கான இடங்களில் இருந்தது. அதெல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆனால் சில நர்ஸ்கள் மனம்போனபடி கதை எழுதுகிறார்கள். "இவருக்கு இடது காது கேட்காது, வலது பக்கம் நின்று பேசவும்." "மாத்திரையை விழுங்குவதுபோல் நடித்துத் தலையணைக்கு அடியில் வைக்கிறார், நின்று பார்க்கவும்." ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்குப் பொருந்தாது. ஒரு தடவை வந்தது மறுபடி வராது. அப்படிப்பட்டதை எந்த அல்காரிதத்தாலும் அமுக்க முடியாது. கல் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அதனால், சுருக்குவதற்கு முன்னால் நகலைக் கொஞ்சம் சுத்தம் செய்ய ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரே ஒரு தடவை மட்டும் வருகிற குறிப்பு எதுவானாலும், அதன் இடத்தில் "சிறப்புக் குறிப்பு எதுவும் இல்லை" என்று போட்டுவிடும். மூலத்தில் நான் கை வைக்கவில்லை. நகலில் மட்டும்தான். மூலம் நன்றாக இருக்கும்வரை யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஓடவிடுவதற்கு முன் எந்தெந்தக் குறிப்பு போகும் என்று, நீளமானது முதலில் வரும்படி அடுக்கிப் பார்த்தேன். தொழிலில் அது ஒரு நல்ல பழக்கம். முதல் பக்கத்திலேயே கண்டக்டரம்மாவின் குறிப்பு இருந்தது. ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி அவளுக்குச் சேராது என்று பழைய நர்ஸ் ஒருத்தி எழுதியது. சேராத மருந்துகளைக் குறிக்கத் தனிக் கட்டம் உண்டு, ஆனால் அந்தக் கட்டத்தின் பட்டியலில் இந்த ஊசியின் பேர் இல்லை. அதனால் குறிப்பில் எழுதியிருந்தாள். எழுதியவள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அதை மட்டும் விட்டுவைத்திருக்கலாம். புரோகிராமில் ஒற்றை வரி சேர்த்தால் போதும். ஆனால் தெரிந்தவர் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் விலக்கு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காது கேட்காத அந்த மனிதருக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? பாரபட்சம் பார்க்கிற ஆள் நான் இல்லை. பொத்தானை அழுத்தினேன்.

நகல் பாதியாகிவிட்டது. மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவந்து திரையைப் பார்த்தாள். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. நகல் சரியா என்று பார்க்க, விரித்து மொத்தம் எத்தனை வரிகள் என்று எண்ணுவோம். மூலத்தோடு எண்ணிக்கை ஒத்துப்போனால் நகல் சரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை, படிக்க ஆயுசு போதாது. நான் ஒரு வரியைக்கூட நீக்கவில்லையே, மாற்றித்தானே வைத்தேன். எண்ணிக்கை இம்மி பிசகாமல் நின்றது. பரபரப்பு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "தோத்துட்டேண்ணே. நீங்க பெரிய ஆளுதான்" என்றான். அவன் முகத்தில் துளி பொறாமை இல்லை. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

என் முறையே நிலைத்தது, அந்தச் சின்ன புரோகிராமும் தினமும் அதோடு ஓடியது. இடம் வேண்டும் என்பதற்காகப் பழைய நகல்கள் எல்லாவற்றையும் அழித்தோம்.

அதற்கப்புறம் சர்வர் அறையின் ஏசி ஒழுகியது. மத்தியான வேளை. மேலே இருந்து தண்ணீர் சொட்டி, மூல டிஸ்க்கும், அதே டேட்டா கூடவே பதிவாகும் அதன் ஜோடி டிஸ்க்கும் சேர்ந்தே போய்விட்டன. மேடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வார்டுகளில் எல்லாரும் காகிதத்தைத் தேடினார்கள். என் நகல்தான் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றியது. விரிய ஒரு நாளுக்கு மேல் பிடித்தது உண்மை. ஆனால் வந்தது. மீட்கும் கட்டளையைத் தட்டச்சு செய்யப் பரபரப்பை உட்காரவைத்தேன். "நீயே போடுப்பா, உனக்கும் பழகணும்ல" என்றேன். யார் பெயரில் மீட்டது என்பது அங்கே பதிவாகும். அப்போது அது எனக்கு ஞாபகம் வந்ததா என்று நீங்கள் கேட்டால், வந்தது.

மீட்டு முடித்த மறுநாள் காலை மேடம் கேக் வாங்கி வந்தாள். எல்லாரும் அதைத் தின்றுகொண்டிருந்தபோது, பரபரப்பின் டிராயரில் இருந்த கையடக்க டிஸ்க் நினைவுக்கு வந்தது. வேகமான முறையில் எடுத்த நகல். பழசுதான், ஆனால் எல்லாக் குறிப்பும் எழுத்து மாறாமல் அதில் இருந்தது. அதை எடுத்து இணைத்தால் ஒரு மணி நேரத்தில் குறிப்புகளைத் திரும்ப ஏற்றிவிடலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்தால், நான் என்ன செய்தேன் என்பதும் தெரிந்துவிடும். கையில் கிரீம் ஒட்டியிருந்தது. கழுவித் துடைத்துவிட்டு வந்து, அதை அழித்தேன். அவன் கேட்டபோது, "பழைய குப்பை எதுக்குப்பா, வேற வேலைக்கு ஆகும்னு சுத்தம் பண்ணி வெச்சேன்" என்றேன். "தேங்க்ஸ்ணே" என்றான்.

அதற்கப்புறம்தான் எனக்கு அமைதி போயிற்று. வேலையில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். எழுந்து வார்டுக்குப் போவேன். கண்டக்டரம்மா படுக்கையில் இருக்கிறாளா, முகம் எப்படி இருக்கிறது, இருமுகிறாளா என்று கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். அவளுக்குக் காய்ச்சல் வரக்கூடாது. வந்தால்தானே ஊசி? அவளுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். கை கழுவுகிற மருந்து வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் தும்மினார் என்று நர்ஸிடம் சண்டை போட்டு அவரை இடம் மாற்றினேன். "என் வயித்துல பொறந்தவன்கூட இப்படித் தாங்க மாட்டான்" என்று கண்டக்டரம்மா என் கன்னத்தைத் தடவினாள். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்வீர்கள்தானே?

என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. அந்த ஊசியின் பேர். அதைச் சொல்லியிருந்தால் போதும் என்று உங்களுக்குத் தோன்றும். உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த நிமிஷம் கேட்பார்கள்.

கடைசியில் கண்டக்டரம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பரபரப்பு கீழே புது டிஸ்க்குகளை மாட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, அம்மாவ அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோறாங்களாம், நான் இத பாதில விட முடியாது, நீங்க கொஞ்சம்..." என்றான். "நான் பாத்துக்கறேன், நீ வேலையப் பாரு" என்றேன். அவள் கைப்பையை நான்தான் வைத்திருந்தேன். புது டாக்டர். அவர் சொன்ன ஊசியின் பேர் எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. நர்ஸ் நல்ல பெண், ஒழுங்காகக் கேட்டாள்: "ஏதாவது ஊசி போட்டு ஒத்துக்காமப் போயிருக்காம்மா?" கண்டக்டரம்மா உடம்பெல்லாம் உதறலோடு சிரித்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சட்டுனு போட்டு அனுப்பு, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க பாரு" என்றாள். நர்ஸ் கம்ப்யூட்டர் திரையையும் பார்த்தாள். வாய்விட்டே படித்தாள்.

"சிறப்புக் குறிப்பு எதுவும் இல்லை."

நான் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனேன். அவளுக்கு நா வறண்டிருந்தது, அது பொய் இல்லை. பாட்டிலோடு திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே நிறைய கால்கள் தெரிந்தன. கைப்பையையும் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பரபரப்பு படிகளில் இரண்டிரண்டாக ஏறி வந்தான். அவன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனை நான்தான் தாங்கிப் பிடித்தேன்.

பிறகு விசாரணை வந்தது. முன்பு ஒரு தடவை அம்மாவுக்கு ஏதோ ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்பது பரபரப்புக்குத் தெரியும், எது என்று தெரியாது. கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நம்பியிருந்தான். மீட்டவன் அவன். பதிவில் அவன் பேர். "நான்தாண்ணே ஏதோ தப்பாத் தட்டிட்டேன். எங்க அம்மாவ நானே கொன்னுட்டேண்ணே" என்று என் மடியில் தலையை வைத்து அழுதான். இப்போது வேலைக்கு வருவதில்லை. யார் கூப்பிட்டாலும் கதவைத் திறப்பதில்லை என்கிறார்கள். வாரம் ஒரு தடவை போய் வாசலில் பழம் வைத்துவிட்டு வருகிறேன்.

அவனுக்காக நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வந்தேன் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லை. போன வாரம் விசாரணையின் முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இறுக்கமான அல்காரிதம் குறிப்புகளைத் தின்றுவிட்டதாம். அதனால் இனிமேல் வேகமான முறைதானாம். படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அது ஒரு கணக்கு. அதற்கு வாய் கிடையாது, எனக்காக நீ பேசு என்று யாரையும் அனுப்ப முடியாது. கொடுத்ததை ஒரு புள்ளி குறையாமல் திருப்பிக் கொடுத்த முறையின் மேல் இப்படிப் பழி போடலாமா? குறிப்புகளை எடுத்தது நான். தெரிந்தே எடுத்தேன். ஊசியின் பேர் தெரிந்தே தண்ணீர் வாங்கப் போனேன். அல்காரிதத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

மற்ற குறிப்புகளா? எனக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்கவில்லை. அவர்கள் எல்லாரும் இன்னும் அங்கேதான் வைத்தியத்துக்கு வந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் எதற்குத் தொலைபேசியை எடுக்கிறீர்கள்? கொஞ்சம் உட்காருங்கள், கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கண்டக்டரம்மாவின் குறிப்பு என்றால் சொல்ல முடியும். ஊசியின் பேரை எழுதி, அதற்குக் கீழே அந்த நர்ஸ் இப்படி எழுதியிருந்தாள்: "இது இந்த அம்மாவுக்குச் சேராது. போட்டதும் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிட்டது, ரொம்பக் கஷ்டப்பட்டு மீட்டோம். அவர்களுக்கு ஊசியின் பேர் தெரியாது. கேட்டால் ஒன்றுமில்லை என்று சிரிப்பார்கள், நம்ப வேண்டாம். அடுத்து யார் பார்த்தாலும் தயவுசெய்து இதை முழுதாகப் படிக்கவும்."

தினமும் சொல்லிப் பார்க்கிறேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. பார்த்தீர்களா, எதுவும் தொலைந்துபோகவில்லை.